நடுவில காசைக் கொட்டாதேங்கோ: பிளேஸ்டேசன் கேம்களை வன்னியில் விளையாட எந்தப் பெட்டி?

"அண்ணை, லண்டன் மாமா காசு போடுறன் எண்டவர். காட் ஒஃப் வோர், ஸ்பைடர்மேன் எல்லாம் ஓடுற மாதிரி ஒரு பிசி சொல்லுங்கோ." ஏ/எல் சோதனை முடிந்த கையோடு வரும் கேள்வி இது. கிளிநொச்சியில் கேட்டாலும் மல்லாவியில் கேட்டாலும் கடைப் பதில் ஒன்றுதான்: "ஐ7 எடுங்கோ தம்பி, எல்லாம் ஓடும்." ஐ7 என்பது இன்டெல் சில்லின் வரிசைப் பெயர் மட்டும்; அது எந்தத் தலைமுறை, படத்தைத் தீட்டும் கிராபிக்ஸ் கார்ட் எது, அதில் எத்தனை ஜிபி மெமரி என்ற கதையே வராது. பெட்டிக்குள் நீல லைட் மினுங்கினால் வியாபாரம் முடிந்துவிடும்.

பெட்டியைப் பற்றிக் கதைக்க முன்னம் எந்தக் கேம் என்று முடிவெடுக்க வேண்டும். கொன்சோலில் (ரீவியில் மாட்டி விளையாடும் பெட்டி) இருந்து பிசிக்கு வந்த கேம்களை ஒரே கூட்டமாகப் பார்ப்பதுதான் முதல் பிழை. அவை இரண்டு குவியல். பிளேஸ்டேசன் 4 (பிஎஸ்4) காலத்தில் பிறந்தவை ஒன்று, பிஎஸ்5 இன் வலுவை நம்பிக் கட்டப்பட்டவை மற்றது. இரண்டுக்கும் நடுவில் கேட்கும் தகுதி படிப்படியாக ஏறுவதில்லை, ஒரேயடியாக எகிறுகிறது. அதனால்தான் நடுத்தர விலைக்கு நடுத்தரப் பெட்டி வாங்குகிறவர் முதற் குவியலுக்குக் கூடச் செலவழித்து, இரண்டாம் குவியலுக்குப் போதாமல் நிற்கிறார்.

முதற் குவியல்

பிஎஸ்4 2013 இல் வந்தது. அதற்குள் இருந்தது ஏஎம்டியின் ஜாகுவார் என்ற எட்டுக் கோர் சில்லு, வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ். வந்த நாளிலேயே அது நோஞ்சான்தான். கிராபிக்ஸ் வலு 1.84 டெராஃப்ளொப் (படம் கணக்கிடும் வேகத்தின் அளவு), மொத்த மெமரி 8 ஜிபி. அந்தப் பெட்டிக்காக எழுதிய கேம் பிசிக்கு வரும்போது பெரிதாக எதையும் கேட்க முடியாது.

2022 ஜனவரியில் பிசிக்கு வந்த காட் ஒஃப் வோரை எடுங்கள். ஆகக் குறைந்தது ஐ5-2500கே சில்லு, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 960 4 ஜிபி கார்ட், 8 ஜிபி ராம். பரிந்துரைத்தது ஐ5-6600கே, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. அதில் 1080பி (முழு எச்டி) திரையில் விநாடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம். அந்தத் தர அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயரே 'ஒரிஜினல்'. பிஎஸ்4 இல் பார்த்த அதே காட்சி என்பதுதான் அதன் பொருள். 2022 ஓகஸ்டில் வந்த ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்ட் இன்னும் இறங்கி வந்தது: ஜிடிஎக்ஸ் 950 இருந்தால் 720பி, 30 பிரேம். 2019 நவம்பரில் பிசிக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இன் அடிமட்டம் ஜிடிஎக்ஸ் 770 2 ஜிபி. அது கேட்ட பெரிய பொருள் கார்ட் அல்ல, 150 ஜிபி இடம். 2024 மே மாதம் வந்த கோஸ்ட் ஒஃப் சுஷிமா கூட ஜிடிஎக்ஸ் 960 இல் தொடங்குகிறது. ஜிடிஏ 5 ஐப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2015 ஏப்ரலில் வந்தபோதே அதன் அடிமட்டம் கோர் 2 குவாட் சில்லும் 4 ஜிபி ராமும்.

இரண்டாம் குவியல்

2023 மார்ச் 28 அன்று த லாஸ்ட் ஒஃப் அஸ் முதற் பாகம் பிசிக்கு வந்தது. அடிமட்டமே ஐ7-4770கே, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 970. அதுவும் 720பி, 30 பிரேமுக்கு. 1080பி, 60 பிரேமுக்கு ஆர்டிஎக்ஸ் 2070 சூப்பர். வந்த நேரத்தில் 8 ஜிபி கார்ட் வைத்திருந்தவர்களே உயர் தரக் காட்சி போட்டால் மெமரி போதாமல் திணறினார்கள். பிறகு வந்த திருத்தங்களால்தான் ஓரளவு நிமிர்ந்தது. 2025 ஜனவரியில் வந்த ஸ்பைடர்மேன் 2 க்கு அடிமட்டம் ஜிடிஎக்ஸ் 1650, ஐ3-8100, 16 ஜிபி ராம்; பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 3060; இடம் 140 ஜிபி.

இரண்டுக்கும் இடையில் இரண்டு கொன்சோலுக்கும் சேர்த்து வந்த கேம்கள் சில இருக்கின்றன. ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட், காட் ஒஃப் வோர் ரக்னரொக் மாதிரி. இவை பிஎஸ்4 இலும் ஓடினவை என்பதால் ஒரு மாதிரி இறங்கி வரும். ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்டின் அடிமட்டம் ஜிடிஎக்ஸ் 1650. ரக்னரொக் ஜிடிஎக்ஸ் 1060 இல் தொடங்கும், ஆனால் 190 ஜிபி இடம் விழுங்கும்.

கொன்சோலில் வழுக்கிக்கொண்டு ஓடும் கேம் பிசியில் ஏன் மூச்சு வாங்குகிறது? கேம் எழுதியவன் சோம்பேறி என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். சில வேளை அது உண்மையும்தான். 2015 ஜூனில் பட்மேன் ஆர்க்கம் நைட்டின் பிசி பதிப்பை விற்பனையில் இருந்தே எடுத்து, ஒக்டோபரில்தான் திரும்ப விட்டார்கள். ஆனால் இரண்டாம் குவியலுக்கு வேறு காரணங்கள் உண்டு.

பிஎஸ்5 இல் 16 ஜிபி மெமரி ஒரே குளம். சில்லும் கிராபிக்ஸும் அதில்தான் அள்ளும். பிசியில் ராம் வேறு, கார்ட்டின் மெமரி வேறு. ஒரே பொருளை இரண்டு இடத்திலும் வைத்திருக்க வேண்டி வரும், ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஓயாமல் காவவும் வேண்டும். அடுத்தது, பிஎஸ்5 இன் சேமிப்பில் இருந்து வரும் சுருக்கிய தரவை விரிக்க அதற்குள் தனி வன்பொருளே உண்டு. அந்த வேலையைச் சாதாரணச் சில்லிடம் கொடுத்தால் ஏஎம்டியின் ஸென் 2 வகைக் கோர் ஒன்பது தேவைப்படும் என்று அதை வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் சொன்னார். பிசியில் அந்தச் சுமையின் பெரும்பகுதி உங்கள் சில்லின் தலையில். மூன்றாவது ஷேடர்: ஒளியையும் நிறத்தையும் எப்படித் தீட்டுவது என்று கார்ட்டுக்குச் சொல்லும் சின்ன நிரல்கள். கொன்சோலில் எல்லாருக்கும் ஒரே கிராபிக்ஸ், ஆகவே முன்பே தயாரித்து அனுப்பலாம். பிசியில் ஆளுக்கொரு கார்ட். உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தயாராகும். நாலு கோர் பழைய சில்லில் த லாஸ்ட் ஒஃப் அஸைத் தொடக்கிவிட்டு டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். நாலு கோரும் நூறு வீதத்தில் முட்டி நிற்கும், விசிறி இரையும், திரையில் வீத எண் மட்டும் ஒவ்வொன்றாக நகரும்.

ஒஃபிஸ் பெட்டியும் 75 வாட் கார்டும்

முதற் குவியல் போதும் என்கிறவருக்கு என் பதில் மாறாது. வெளிநாட்டு ஒஃபிஸ்களில் கழித்து இறக்குமதியாகும் டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் பெட்டி ஒன்று. நான்காம் தலைமுறை ஐ5 என்றாலும் போதும். அதில் ராமை 16 ஜிபி ஆக்கி, வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி ஒன்று போட்டு, ஜிடிஎக்ஸ் 1650 கார்ட் செருக வேண்டும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இந்தப் பெட்டிகள் கிடைக்கும். கார்ட்டுக்கு யாழ்ப்பாணமோ கொழும்பு யூனிட்டி பிளாசாவோ போக வேண்டி வரலாம், இல்லையென்றால் இரவு பஸ்ஸில் பார்சல்.

ஏன் 1650? இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை சின்னது. மூடியைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள்: ஒல்லிப் பெட்டியில் 240, 255 வாட் என்று இருக்கும், உயரப் பெட்டியில் 290 அளவில். கார்ட்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கும் வயர் பெரும்பாலும் இருக்காது. மதர்போட்டின் செருகி தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்ட்தான் வேண்டும். 1650 அதற்குள் அடங்கும். ஆனால் எல்லா 1650 உம் அல்ல. சில கொம்பனிகள் வேகத்தைக் கூட்டி, ஆறு ஊசிச் செருகி வைத்து விடுகின்றன. வாங்கும்போது கார்ட்டின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள், செருகி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் இன்னொன்று: கார்ட் அரை உயரமானதாக இருக்க வேண்டும், பின்பக்கத் தகடும் கட்டையானதாக. அரை உயரக் கார்ட் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை. அதனால் பெட்டி எடுக்கும்போதே உயரமானதாக எடுத்துவிட்டால் அந்தத் தலையிடி இல்லை.

1050 டிஐ யும் 75 வாட்தான், இன்னும் மலிவு. அதை இப்போது வாங்காதீர்கள். அந்தத் தலைமுறைக்கு புதுக் கேம்களுக்கான டிரைவர் மென்பொருளை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. 1060 உம் அதே குடும்பம். 1650 அடுத்த தலைமுறை, அதற்கு இன்னும் வருகிறது.

கடையில் "4 ஜிபி கிராபிக்ஸ்" என்று ஜிடி 730 ஐக் கையில் வைப்பார்கள். அதில் மெமரி 4 ஜிபி இருக்கலாம், கேம் ஓட வலு இருக்காது. மெமரி அளவைக் காட்டி விற்பதற்கென்றே பிறந்த கார்ட் அது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 ஐயும் 6500 எக்ஸ்டி யையும் புதுசு என்று காட்டுவார்கள். இரண்டும் மதர்போட்டோடு நாலு பாதையில் மட்டும் பேசும் கார்ட்கள். நான்காம் தலைமுறை பிசிஐ உள்ள புது மதர்போட்டில் சமாளிக்கும், நீங்கள் செருகப்போகும் பழைய மூன்றாம் தலைமுறை மதர்போட்டில் பாதை வேகம் பாதியாகும். ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கும். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டுவது முடிந்த பிறகு அந்தச் சுரங்கங்களில் கிடந்த கார்ட்கள் மலிந்தன. அதற்கு 185 வாட் வேண்டும், ஒஃபிஸ் பெட்டிக்குச் சரிவராது. அதிலும் 2048 என்று பின்னொட்டுப் போட்ட வலுக் குறைந்த வகை ஒன்றை அசல் 580 போல விற்கிறார்கள். எந்தப் பழைய கார்ட் எடுத்தாலும் கடையிலேயே கார்ட்டின் விபரம் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். போலிக் கார்ட் என்றால் பல வேளை அதுவே சொல்லிவிடும்.

இந்தப் பெட்டியின் குறையையும் சொல்லவேண்டும். விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொஃப்ட் எட்டாம் தலைமுறை இன்டெல்லில் இருந்துதான் ஒப்புக்கொள்கிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்தது. கேம் இன்றைக்கு ஓடும், ஆனால் பெட்டிக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்சம் கூடக் காசு இருந்தால் எட்டாம் தலைமுறை ஐ5 ஒஃபிஸ் பெட்டி எடுங்கள். நாலுக்குப் பதில் ஆறு கோர், விண்டோஸ் 11 உம் நேராக ஏறும்.

நடுவில் நிற்கும் பெட்டி

இனித்தான் தலைப்புக்குக் காரணமான பெட்டி. ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ7, கண்ணாடிப் பக்கம், நாலு விசிறி, உள்ளே ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580. 'கேமிங் பிசி' என்று முகநூலில் அதிகம் விற்பனைக்கு வருவது இதுதான். காட்சித் தரத்தைக் கொஞ்சம் குறைத்தால் முதற் குவியலில் பலதை இதில் 60 பிரேமை ஒட்டி விளையாடலாம், அது உண்மை. 30 பிரேமுக்கும் 60 க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அதுக்காகவே வாங்குகிறவரை நான் மறிக்கவில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் சொல்லும் காரணம் வேறு: "பிறகு வாற கேமும் ஓடும்தானே அண்ணை." ஓடாது. 2023 இல் வந்த அலன் வேக் 2 மெஷ் ஷேடர் என்ற வசதி கேட்டது. 1060 அடங்கும் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்ட்டில் அது இல்லை, ஆர்எக்ஸ் 580 இலும் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் (ஒளிக்கதிரைக் கணக்கிட்டுத் தீட்டும்) வன்பொருள் இல்லாமல் தொடங்கவே மாட்டாது. அதன் அடிமட்டம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். இந்த மாதிரி மதிலை ராம் கூட்டியோ ஐ7 போட்டோ தாண்ட ஏலாது.

4 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3050 லப்டொப்பும் இதே நடுத்தரம்தான். பெயரில் ஆர்டிஎக்ஸ் இருக்கும், மெமரி இடறும்.

இரண்டாம் குவியல் வேண்டும் என்றால்

இரண்டே வழி. புதுப் பெட்டி கட்டுவது, அல்லது பிஎஸ்5.

கட்டுவதென்றால் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், 16 ஜிபி ராம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கார்ட் குறைந்தது 8 ஜிபி. ஆர்எக்ஸ் 6600 எனக்குப் பிடித்தது. 132 வாட்டில் அடங்கும், சின்ன நல்ல பவர் சப்ளையில் நிம்மதியாக ஓடும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி 170 வாட் எடுக்கும், மெமரி தாராளம். வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்று படிப்புக்கும் வேலைக்கும் பாவிக்கிறவர் அதை எடுக்கலாம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேசிங்கோடு இலவசமாக வரும் '500 வாட்' பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், நல்ல 450 வாட்டை விடப் பாரம் குறைந்திருக்கும். எங்கள் லைனில் வோல்ட் ஏறி இறங்கும்போது முதலில் போவது அதுதான், தனியப் போனால் புண்ணியம்.

விலையை நான் எழுதப்போவதில்லை. 2022 இல் டொலர் சில வாரத்துக்குள் இருநூற்றுச் சொச்சத்தில் இருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. 2025 கடைசியில் ராம் விலை உலகம் முழுக்க ஏறியது. இன்றைக்கு எழுதினால் நாளைக்குப் பொய். விகிதம் மட்டும் சொல்லலாம்: ராம் ஏறிய பிறகு, 8 ஜிபி கார்ட்டோடு புதுப் பெட்டியும் மொனிட்டரும் கட்டினால் பிஎஸ்5 ஐ விடக் கூடத்தான் முடியும். பிஎஸ்5 க்கு ரீவி தனியாக வேண்டுமே என்பீர்கள். அது பெரும்பாலான வீட்டில் ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது.

பிஎஸ்5 க்கு வன்னியில் ஒரு பெரிய பலம் உண்டு, பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. டிஸ்க். ரக்னரொக்கின் பிசி பதிப்பு 190 ஜிபி, டிஸ்க்கில் வராது. விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் அதை இறக்க இடைவிடாமல் 42 மணித்தியாலம். கிளிநொச்சி, வவுனியா நகரத்தில் ஃபைபர் இருக்கிற வீடு என்றால் கவலை இல்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, நெடுங்கேணிப் பக்கம், முழங்காவிலில் ஒரு 4ஜி ரவுட்டரை யன்னலில் வைத்துச் சிக்னல் பிடிக்கிற வீட்டில் அது எத்தனை இரவு என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். டேட்டாப் பொதியின் இரவுநேரப் பங்கு எப்போது தீரும் என்றும். டிஸ்க் என்றால் கேமின் பெரும்பகுதி கையில். திருத்தங்களை இறக்கத்தான் வேண்டும், ஆனால் முழுப் பாரமும் அல்ல. முடித்த டிஸ்க்கை விற்கலாம், மாற்றலாம். அதனால் பிஎஸ்5 எடுத்தால் டிஸ்க் போடுகிற வகையையே எடுங்கள். டிஜிட்டல் வகை எங்களுக்குச் சரிவராது. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் மலிவு, கரண்டும் கொஞ்சம். ஆனால் டிஸ்க் இல்லை, மலிவான வகையில் 512 ஜிபி தான், சோனியின் கதைகளில் பெரும்பாலானவை அதில் வராது. தள்ளிவிடலாம்.

பிஎஸ்5 க்கு எதிரான பக்கமும் கனமானது. அதில் படிக்க முடியாது, அசைன்மென்ட் அடிக்க முடியாது, அறிவியல்நகர் பொறியியல் பீடத்துக்கு ஒருவன் எடுபட்டால் ஓட்டோகாட் ஓடாது. காசு அனுப்பும் மாமாவிடம் "படிப்புக்கு" என்று சொன்னவன் பிஎஸ்5 பெட்டியோடு வீட்டுக்குப் போனால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டி வரும். அதோடு சோனியின் இணையக் கணக்குச் சேவையான பிஎஸ்என் இலங்கைக்கு இல்லை. வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்துதான் இங்கே எல்லாரும் விளையாடுகிறார்கள்.

இந்தப் பிஎஸ்என் சிக்கல் பிசிக்காரரையும் விட்டுவைக்கவில்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 வை பிஎஸ்என் இல்லாத 177 நாடுகளில், பிசி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விற்பதை நிறுத்தினார்கள். கோஸ்ட் ஒஃப் சுஷிமாவுக்கும் அதே கதி, எங்கள் நாடும் அப்போது அந்தப் பக்கம்தான். 2025 ஜனவரியில் சோனி கொஞ்சம் இறங்கி வந்தது. ஸ்பைடர்மேன் 2, ரக்னரொக், த லாஸ்ட் ஒஃப் அஸ் இரண்டாம் பாகம், ஹொரைசன் ஸீரோ டோன் ரீமாஸ்டர்ட் ஆகியவற்றுக்கு அந்தக் கணக்குக் கட்டாயமில்லை என்றது. பெட்டி வாங்க முன்னம் நீங்கள் ஆசைப்படும் கேம் உங்கள் ஸ்டீம் கணக்கில் வாங்கக் கிடக்கிறதா என்று போனிலேயே தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பழைய பிஎஸ்4 ஒன்று எடுத்தால் என்ன? முதற் குவியல் மட்டும், ரீவியில் மட்டும், தம்பி தங்கச்சியோடு சேர்ந்து விளையாட என்றால் அது நல்ல முடிவு. பழைய டிஸ்க்கும் மலிவு. தூசி தட்டி, உள்ளே சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றித் தருகிறவரிடம் எடுங்கள்.

லப்டொப்பைப் பற்றிச் சுருக்கமாக. 8 ஜிபி மெமரியோடு ஆர்டிஎக்ஸ் 4060 எடுக்கிற வசதி இருந்து, படிக்கப் போகிறவனுக்கு அது வேண்டுமென்றும் இருந்தால் எடுங்கள். இரண்டாம் குவியலும் ஓடும், தங்குமிடத்துக்கும் காவலாம். கரண்ட் போனால் வேலை சேமிக்க நேரம் கிடைக்கும். பற்றரியில் கேம் விளையாடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், வயரைக் கழற்றினதும் கார்ட் பாதி நித்திரை. விலை மற்ற எல்லாவற்றையும் விடக் கூட. பழுதானால் கார்ட்டை மட்டும் மாற்றவும் ஏலாது.

கரண்டும் இடியும்

பிசியும் மொனிட்டரும் சேர்ந்து 250 வாட் எடுத்தால், நாளுக்கு மூன்று மணித்தியாலம் விளையாட மாதத்துக்கு 22, 23 யூனிட். ஒஃபிஸ் பெட்டியும் 1650 உம் 150 வாட் அளவில் நிற்கும், 13, 14 யூனிட். பிஎஸ்5 கேம் ஓடும்போது 200 வாட் சொச்சம், ரீவி தனி. மாதம் 60 யூனிட்டுக்குள் பில்லை அடக்கி வைத்திருக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 60 ஐத் தாண்டினால் மாறுவது தாண்டிய யூனிட்டுகளின் விலை மட்டுமில்லை, முழுப் பில்லும் வேறு கட்டணப் படிக்குப் போகிறது. அப்பாவிடம் இதை முதலே சொல்லிவிடுவது நல்லது.

ஒக்டோபர், நவம்பர் இடிக்கு யூபிஎஸ் மட்டும் காவல் இல்லை. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து. இடி பல வேளை ரெலிபோன் லைனாலும் கேபிளாலும்தான் உள்ளே வருகிறது. 650 விஏ யூபிஎஸ் ஒஃபிஸ் பெட்டிக்கும் மொனிட்டருக்கும் தாங்கும். கார்ட் 170 வாட் எடுக்கிற பெட்டிக்கு கேம் நடுவில் கரண்ட் போனால் அது கீச்சிட்டுவிட்டு அணைந்துவிடக்கூடும். பெரிதாக எடுங்கள். செம்மண் ஒழுங்கையோரம் வீடு என்றால் மாதம் ஒருக்கால் பெட்டியைத் திறந்து ஊதுங்கள். விசிறியின் ஓரத்தில் சிவப்புத் தூசி பசை மாதிரிப் பிடித்திருக்கும். பிரஷ்ஷால் தட்டி எடுக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

யாருக்கு எது

காட் ஒஃப் வோர், ரெட் டெட், முதல் ஸ்பைடர்மேன், ஜிடிஏ 5 என்று ஆசை அங்கேயே நிற்கிறவன், படிக்கவும் ஒரு கொம்பியூட்டர் வேண்டும் என்கிறவன்: எட்டாம் தலைமுறை உயர ஒஃபிஸ் பெட்டி, 16 ஜிபி, எஸ்எஸ்டி, 75 வாட் 1650. மிஞ்சுகிற காசு கேம் வாங்க.

த லாஸ்ட் ஒஃப் அஸ், ஸ்பைடர்மேன் 2, இனி வரப்போகிறவை எல்லாம் வேண்டும், வீட்டில் கொம்பியூட்டர் ஏற்கெனவே இருக்கிறது, இணைப்பு மந்தம்: டிஸ்க் போடுகிற பிஎஸ்5. இங்கே பிசி கட்டச் சொல்லி யாரும் என்னை மனம் மாற்ற ஏலாது.

அதே கேம்கள் வேண்டும், வேலைக்கும் பெட்டி வேண்டும், ஃபைபர் இருக்கிறது: 5600 உம் ஆர்எக்ஸ் 6600 உம், அல்லது 3060. காசு அதுக்கு எட்டவில்லை என்றால் நடுவில் இறங்காமல் ஒஃபிஸ் பெட்டியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேருங்கள். 1650 ஐப் பிறகு விற்கலாம்.

பிசிப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்டீமில் 2023 இல் இருந்து ஒரே வீட்டு நெற்வேர்க்கில் இருக்கும் இரண்டு பிசிகளுக்கிடையே கேமை மாற்றிக்கொள்ளலாம். வவுனியாவில் ஃபைபர் இருக்கிற கூட்டாளி அதே கேமை வாங்கியிருந்தால், உங்கள் பெட்டியைக் காவிக்கொண்டுபோய் அவனுடைய ரவுட்டரில் மாட்டினால் 150 ஜிபியும் டேட்டாச் செலவு இல்லாமல் வந்துசேரும். கேம் உங்கள் கணக்கிலும் வாங்கியிருக்க வேண்டும், ஸ்டீம் அமைப்பில் இந்த மாற்றலுக்கு அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும்.

மற்றது, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். உங்கள் பெட்டியில் ஒரு கேம் ஓடுமா என்று பார்க்க இதைவிட நேர்மையான சோதனை இல்லை. ஆனால் ஷேடர் தயாராகும் நேரமும் விளையாடிய நேரமாகவே ஏறும். த லாஸ்ட் ஒஃப் அஸ் வந்த புதிதில் நாலு கோர்க்காரர் பலருக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தின் பெரும்பங்கு ஷேடருக்கே போனது. ஆகவே பழைய சில்லில் அந்த வகைக் கேமைச் சோதிக்கிறவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, ஷேடர் முடிந்த உடனேயே சனம் நிற்கிற, மழை பெய்கிற பாரமான காட்சி ஒன்று வரும்வரை ஓடிப் பார்த்துவிட்டு, இழுத்தால் அந்த நிமிடமே திருப்பிக் கேளுங்கள்.